ஒளிரும் பாக்டீரியா இருட்டாக இருந்தால் தண்ணீர் சுத்தமா?

தெளிநீர் · மார்ச் 2, காலை 9:10

கிணற்று நீரில் ஆர்சனிக், பாதரசம் இருக்கிறதா என்று பார்க்க ஒளிரும் பாக்டீரியா போதும், உலோகங்களை எண்ணும் ஐசிபி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவிக்கெல்லாம் அனுப்பத் தேவையில்லை என்ற வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. பாக்டீரியா உள்ள சோதனைக் குழாயில் தண்ணீரை விடு, இரண்டு மணி நேரம் வை, ஒளிர்ந்தால் உலோகம் உண்டு, இருட்டாக இருந்தால் சுத்தம். இவ்வளவுதானா? அந்த இருட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

பாசிமணி · மார்ச் 2, மதியம் 1:40

ஒளிர்ந்தால் உலோகம் என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். இருட்டு என்றால் சுத்தம் என்பதை, பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய் இல்லாமல் நம்பக் கூடாது. அந்த இரண்டு குழாய் எவை என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'ஒளிரும் பாக்டீரியா சோதனை' என்ற ஒரே பெயரில் நேர் எதிரான இரண்டு சோதனைகள் உலவுகின்றன.

ஒன்று, கடலில் இயல்பாகவே ஒளிரும் அலிவிப்ரியோ ஃபிஷெரி. ஐஎஸ்ஓ 11348 தரமுறை இதற்கானது. இது எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், நஞ்சு பட்டால் ஒளி மங்கும். எந்த நஞ்சு என்று சொல்லாது. துத்தநாகத்துக்கும் மங்கும், டைகுளோரோஃபீனாலுக்கும் மங்கும். இங்கே இருட்டுதான் எச்சரிக்கை.

இன்னொன்று, மரபணு மாற்றிய ஈ. கோலை போன்றவை. இயல்பாக இருட்டாக இருக்கும், குறிப்பிட்ட உலோகம் உள்ளே வந்தால் மட்டும் ஒளிரும். இங்கே ஒளிதான் எச்சரிக்கை.

ஒரு அறிக்கையில் 'ஒளி குறைந்தது' என்று படித்தால், எந்த வகை என்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

இரண்டாம் வகையின் உள்ளே நடப்பது: பாதரசத்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களில் மெர்-ஆர் என்ற புரதம் இருக்கிறது. மரபணுவின் தொடக்க விசையான புரமோட்டரின் இரு பகுதிகளுக்கு நடுவே வழக்கமாக 17 காரச்சோடி இடைவெளி இருக்கும். மெர் புரமோட்டரில் 19 இருக்கிறது. அதனால் மரபணுவைப் படிக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் வந்து உட்கார்ந்தாலும் வேலையைத் தொடங்க முடியாது. பாதரச அயனி ஒட்டியதும் மெர்-ஆர் அந்த இடத்து டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்துகிறது, இரு பகுதிகளும் ஒரே பக்கத்துக்கு வருகின்றன, மரபணு ஓடத் தொடங்குகிறது. எதிர்ப்பு மரபணு இருந்த இடத்தில் ஒளி தரும் லக்ஸ் மரபணுவை வைத்துவிட்டால் உணரி தயார்.

ஆர்சனிக்குக்கு ஆர்ஸ்-ஆர். அது வேறு மாதிரி: டிஎன்ஏமேல் உட்கார்ந்து அடக்கிக்கொண்டிருக்கும், ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட் ஒட்டினால் கழன்று விழும். ஆன்டிமனிக்கும் கழலும், அதையும் நினைவில் வைக்க வேண்டும். துத்தநாகம், காட்மியம், ஈயம் மூன்றுக்கும் பதில் சொல்வது ஸிண்ட்-ஆர். செம்பு, வெள்ளி, தங்கத்துக்குக் கியூ-ஆர். 'காட்மியம் உணரி' என்று எழுதியிருந்தால் அது காட்மியத்தை மட்டும்தான் காட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாசிமணி · மார்ச் 2, இரவு 8:05

நேரடியாகச் செய்முறை. ஆர்சனிக் உணரியை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் எலும்புக்கூடு இதுதான்.

முதல் நாள் மாலை ஒற்றைக் காலனியை எடுத்து, ஆம்பிசிலின் கலந்த எல்பி ஊடகத்தில் இரவு முழுக்க வளர்க்க வேண்டும். பழைய தட்டிலிருந்து எடுக்கும்போது பெரிய காலனியைச் சுற்றி முளைத்த குட்டிக் காலனிகளைத் தொடக் கூடாது. பெரியது ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால் உணரி மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் இல்லாமலே பிழைத்த கூட்டம் அது, உலோகத்தில் முக்கினாலும் ஒளிராது.

மறுநாள் காலை 50 மடங்கு நீர்த்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4 முதல் 0.6 வரும் வரை வளர்க்க வேண்டும். மையவிலக்கில் சுற்றி, எல்பியைக் கொட்டி, மாப்ஸ் தாங்கல் ஊடகத்தில் செல்களைக் கலக்க வேண்டும். வெள்ளை நிற 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டர் செல், 100 மைக்ரோலிட்டர் தண்ணீர். 37 டிகிரியில் 2 மணி நேரம், மெதுவான குலுக்கலோடு. பிறகு ஒளியை அளக்கலாம்.

லிட்டருக்கு 0, 5, 10, 20, 50, 100 மைக்ரோகிராம் என்று செறிவு தெரிந்த ஸ்டாண்டர்ட் வரிசை ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். நேற்றைய வரிசையை இன்றைய செல்லுக்கு வைத்துக் கணக்குப் போடுவது செல்லாது, ஒவ்வொரு நாள் வளர்ப்பும் வெவ்வேறு பிரகாசம்.

தண்ணீரும் செல்லும் சம அளவில் கலப்பதால் குழியில் இருப்பது பாதிச் செறிவு. ஸ்டாண்டர்டையும் அதேபோல் பாதியாகக் கலந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். ஸ்டாண்டர்டை மட்டும் 'இறுதிச் செறிவு' என்று எழுதிவிட்டு மாதிரியை அப்படி எழுதாமல் விட்டால் விடை இரண்டு மடங்கு தப்பும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இரண்டு மடங்கு பிழையில் ஒரு கிணறு தப்பான பட்டியலுக்குப் போய்விடும்.

நத்தை ஓடு · மார்ச் 3, காலை 7:25

37 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த லக்ஸ்? ஃபிஷெரியின் லூசிஃபெரேஸ் (ஒளி தரும் நொதி) என்றால் 30 டிகிரிக்கு மேல் தாங்காது, ஒளி சரியும், ஆர்சனிக் இல்லை என்று நினைத்துவிடுவோம். ஃபோட்டோராப்டஸ் லூமினெசன்ஸின் லூசிஃபெரேஸ் என்றால் 37-இல் நிற்கும்.

லக்ஸ் ஏ-பி மட்டும் உள்ள உணரியா, ஐந்து மரபணுவும் உள்ளதா என்பதும் முக்கியம். ஏ-பி மட்டும் என்றால் டெக்கனால் என்ற ஆல்டிஹைடை நாமே சேர்க்க வேண்டும், சேர்த்து எல்லாக் குழிக்கும் ஒரே இடைவெளியில் அளக்க வேண்டும். ஐந்தும் இருந்தால் செல் தானே ஆல்டிஹைடைச் செய்துகொள்ளும்.

பாசிமணி · மார்ச் 3, காலை 9:50

சரி. மேலே 37 என்பதை 30 என்று படிக்கவும். எந்த லக்ஸ் என்று உறுதியாகத் தெரியாதவரை 30 டிகிரிதான் பாதுகாப்பு. கொஞ்சம் மெதுவாக ஒளிரும், அவ்வளவுதான்.

ஒளி பிறக்க ஆக்சிஜன் வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். குழாயை விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடினால் செல்கள் இருக்கிற ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். அதுவும் இருட்டுதான். மூடிய குழாயில் மேலே பாதியாவது காற்று இருக்கட்டும்.

தெளிநீர் · மார்ச் 3, மாலை 6:30

அப்படியானால் இருட்டுக்கு எத்தனை காரணங்கள்?

பாசிமணி · மார்ச் 3, இரவு 10:15

நான்கு பெரிய குடும்பமாகப் பிரிக்கலாம்.

உலோகம் இல்லை. இதுதான் நாம் விரும்பும் இருட்டு.

உலோகம் அளவுக்கு மீறி இருக்கிறது, செல் செத்துவிட்டது. ஸ்டாண்டர்ட் வரிசையை வேண்டுமென்றே மேலே நீட்டிப் பார்த்தால் தெரியும்: ஒளி ஏறி, உச்சம் தொட்டு, மறுபக்கம் இறங்கி பிளாங்க் (உலோகம் இல்லாத குழி) அளவுக்கே வந்துவிடும். ஒரே ஒளி அளவுக்கு இரண்டு செறிவுகள் விடையாக வரும். மிக மோசமான தண்ணீர்தான் மிகச் சுத்தமான தண்ணீர் போலத் தோன்றும். ஆகவே எந்த மாதிரியையும் ஒரே செறிவில் சோதிக்கக் கூடாது. அப்படியே ஒன்று, 10 மடங்கு நீர்த்தது ஒன்று, 100 மடங்கு நீர்த்தது ஒன்று. நீர்க்க நீர்க்க ஒளி ஏறினால் நாம் மலையின் மறுபக்கத்தில் நிற்கிறோம்.

உலோகம் இருக்கிறது, ஆனால் செல்லுக்குள் நுழையவில்லை. வேறு எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உலோகம் இல்லை, ஆனால் வேறு நஞ்சு செல்லைக் கொன்றுவிட்டது. பூச்சிக்கொல்லி, குளோரின், அமிலம், எதுவும் ஆகலாம். குழாய் நீரில் மிச்சமிருக்கும் குளோரினை முதலில் சோடியம் தயோசல்பேட்டால் போக்குவார்கள். பாதரச உணரிக்கு அது ஆகாது, தயோசல்பேட்டே பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றைப் பிரிக்கத்தான் அந்த இரண்டு குழாய்.

முதலாவது, எப்போதும் ஒளிரும் இரட்டைச் செல். அதே ஈ. கோலை, அதே லக்ஸ், ஆனால் உலோகத்தைச் சாராத புரமோட்டர். அது மாதிரி நீரில் மங்கினால் செல் நோகிறது என்று பொருள். உணரியின் ஒளியை அதன் ஒளியால் வகுத்து எழுதுவது வழக்கம்.

இரண்டாவது, ஸ்பைக். அதே மாதிரி நீரில் தெரிந்த அளவு உலோகத்தை நாமே சேர்ப்பது. ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வருமாறு. சேர்த்தும் இருட்டு என்றால், சேர்க்காத குழாயின் இருட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை.

நத்தை ஓடு · மார்ச் 4, காலை 6:55

மூன்றாவது குடும்பத்தை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், வயல் மாதிரிகளில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

ஆர்சனிக்: நிலத்தடி நீர் மேலே வந்து காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக வீழ்படிந்து, ஆர்சனிக்கைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு அடியில் உட்காரும். தெளிந்த மேல் நீரைப் பிப்பெட்டில் எடுத்தால் ஆர்சனிக்கைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டோம். எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலத்தால் பி.எச். 2-க்குக் கொண்டுவந்து, சோதனைக்கு முன்னால் சோடியம் பைரோபாஸ்பேட்டால் நடுநிலையாக்குவார்கள். பைரோபாஸ்பேட் இரும்பைக் கரைசலிலேயே நிறுத்தி வைக்கும்.

சாதாரண பாஸ்பேட் வேறு கதை. ஆர்சனிக்கின் இன்னொரு வடிவமான ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் செல்லுக்கு ஒரே வாசலில்தான் நுழைகின்றன. பாஸ்பேட் நிறைந்த ஊடகத்தில் ஆர்சனேட் வாசலிலேயே நிற்கும். ஆர்சனைட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அது கிளிசரால் போகும் வழியாக நுழையும். உள்ளே போன ஆர்சனேட்டைச் செல் தானே ஆர்சனைட்டாக மாற்றும், ஆர்ஸ்-ஆர் பார்ப்பது அதைத்தான். ஆகவே ஆர்சனைட்டில் ஸ்டாண்டர்ட் போட்டு ஆர்சனேட் மாதிரியை அளந்தால் குறைத்துக் காட்டும்.

ஈயத்துக்குப் பாஸ்பேட் இன்னும் மோசம், நேராக வீழ்படியும். பாதரசத்துக்கு எல்பி ஊடகமே எதிரி, அதிலுள்ள கந்தகத் தயோல்கள் பாதரசத்தைக் கவ்விக்கொள்ளும். செம்பை ட்ரிஸ் தாங்கல் பிடித்துக்கொள்ளும். மாப்ஸ் என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான், உலோகத்தோடு அது ஒட்டுவது மிகக் குறைவு.

பாசிமணி · மார்ச் 4, மதியம் 12:20

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உயிர் உணரி அளப்பது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உலோகம் என்பதை அல்ல, செல்லுக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை. ஐசிபி-எம்எஸ் மாதிரியை அமிலத்தில் கரைத்து மொத்தத்தை எண்ணுகிறது. இரண்டும் வேறு கேள்விகள். இரண்டு எண்ணும் பொருந்தவில்லை என்பதற்காக உணரி தப்பு என்று தூக்கிப்போடுவதும் தவறு, உணரி குறைவாகக் காட்டியதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதும் தவறு. இலைமக்கின் ஹியூமிக் அமிலம் இன்று பிடித்து வைத்திருக்கும் செம்பை, பி.எச். இறங்கினால் நாளை விட்டுவிடும்.

பாசிமணி · மார்ச் 5, இரவு 9:30

பாதரச உணரிக்கு ஒரு கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தால் பல விஷயம் விளங்கும்.

1 நானோமோலார் பாதரசம் என்பது லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 6 × 10¹¹ அயனிகள். அதே மில்லிலிட்டரில் 10⁸ செல் இருந்தால் தலைக்கு 6,000 அயனி. 10⁵ செல் இருந்தால் தலைக்கு 60 லட்சம். செல்லின் புறத்தோலிலேயே பாதரசத்தைப் பிடிக்கும் கந்தகக் குழுக்கள் ஏராளம். கூட்டம் பெரிதாக இருந்தால் வெளிச்சுவரிலேயே பாதரசம் பங்கு போடப்பட்டுத் தீர்ந்துவிடும், மெர்-ஆர் வரை போகாது.

ஆகவே அதிகச் செல் போட்டால் அதிக ஒளி என்பது பாதரசத்தில் பொய்க்கும். செல்லைக் குறைத்தால்தான் குறைந்த பாதரசம் தெரியும். எல்லைக்கும் கீழே குறைத்தால் ஒளிமானியால் பார்க்க முடியாது. 10 மடங்கு வித்தியாசத்தில் மூன்று அடர்த்திகளைப் போட்டு, பிளாங்கின் சராசரியோடு அதன் திட்டவிலக்கத்தைப் போல மூன்று மடங்கைக் கூட்டி, அந்தக் கோட்டைத் தாண்டும் மிகச் சிறிய செறிவு எதில் வருகிறது என்று பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

மெர் மரபணுத் தொகுதியை முழுதாக எடுத்து வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதில் மெர்-ஏ இருந்தால் பாதரச அயனியை உலோகப் பாதரசமாக்கி ஆவியாக வெளியே விட்டுவிடும், அளக்க வந்த பொருளை உணரியே துரத்திவிடும். அதை எடுத்துவிட்டு, உள்ளே இழுக்கும் மெர்-டி (merT), மெர்-பி (merP) மரபணுக்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மெத்தில் பாதரசத்தைப் பார்க்க வேண்டுமானால், கரிமப் பாதரசத்தை உடைக்கும் லையேஸ் நொதிக்கான மரபணுவும் தேவை. அது இல்லாத உணரிக்கு மீனில் சேரும் பாதரசம் கண்ணுக்கே தெரியாது.

நத்தை ஓடு · மார்ச் 5, இரவு 11:05

பாத்திரம்! பாதரச மாதிரியைச் சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலில் வைத்தால் சுவர் குடித்துவிடும். கண்ணாடி அல்லது டெஃப்லான். எல்லாப் பாத்திரமும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறி, மீத்தூய நீரில் பல முறை அலசப்பட வேண்டும். துத்தநாகம் பார்க்கிறவர்கள் பவுடர் போட்ட கையுறையைத் தூக்கி எறியட்டும்.

தெளிநீர் · மார்ச் 7, காலை 8:40

மரபணு மாற்றியதைக் கையாள அனுமதி இல்லாத இடத்தில் என்ன செய்வது? டாஃப்னியா பயன்படுத்தலாமா?

நத்தை ஓடு · மார்ச் 7, மாலை 5:15

பயன்படுத்தலாம். டாஃப்னியா மேக்னா, அரிசியளவுகூட இல்லாத நீர்த்தெள்ளு. எந்த உலோகம் என்று சொல்லாது, ஆனால் காட்மியம், செம்பு, பாதரசம் போன்றவற்றுக்கு நன்றாகவே நோகும்.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் உள்ள குஞ்சுகள். ஒரு பாத்திரத்துக்கு 5, ஒரு செறிவுக்கு நான்கு பாத்திரம், மொத்தம் 20. 18 முதல் 22 டிகிரி. 48 மணி நேரம் உணவு கிடையாது, காற்று ஊதவும் கூடாது. பாத்திரத்தை மெல்ல அசைத்த பிறகு 15 விநாடிக்குள் நீந்தாதவை அசைவற்றவை என்று எண்ணப்படும். உலோகம் இல்லாத பாத்திரங்களிலேயே 10 சதவீதத்துக்கு மேல் அசைவற்றுப் போனால் முழுச் சோதனையும் செல்லாது.

நீர்த்துக் கலக்கும் தண்ணீர், லிட்டருக்கு: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மில்லிகிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 123.25, சோடியம் பைகார்பனேட் 64.75, பொட்டாசியம் குளோரைடு 5.75.

பொறி எங்கே என்றால், டாஃப்னியாவை வளர்க்கும் எம்-4 ஊடகத்தில் இடிடிஏ இருக்கிறது. அதே ஊடகத்தில் உலோகச் சோதனையையும் வைத்தால் இடிடிஏ உலோகத்தைக் கட்டிப்போடும், எல்லாம் உற்சாகமாக நீந்தும். குஞ்சுகளை மாற்றும்போது கூடவே வரும் வளர்ப்பு நீரையும் துளியளவுக்குக் குறைக்க வேண்டும். கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் ஆகியவை செவுளில் உலோகத்தோடு இடத்துக்குப் போட்டி போடுவதால், ஒரே காட்மியம் மென்னீரில் அதிகம் கொல்லும். மாதிரி நீரின் கடினத்தை எழுதாத டாஃப்னியா முடிவு பாதி முடிவு.

மேற்பரப்பில் சிக்கி மிதக்கும் குஞ்சைச் செத்ததாக எண்ணிவிட வேண்டாம். ஒரு துளி நீரை மேலே விட்டால் கீழே இறங்கி நீந்தும்.

பாசிமணி · மார்ச் 7, இரவு 9:00

இதோடு அமிலக் கணக்கையும் சேர்க்கிறேன். கடையில் வரும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் ஸ்டாண்டர்டுகள் பெரும்பாலும் 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இருக்கும், அதாவது சுமார் 0.3 மோலார். அதை 1,000 மடங்கு நீர்த்து லிட்டருக்கு 1 மில்லிகிராம் செய்தால் 0.3 மில்லிமோலார் அமிலம். நத்தை ஓடு கொடுத்த தண்ணீரில் உள்ள பைகார்பனேட் சுமார் 0.77 மில்லிமோலார், தாங்கிக்கொள்ளும். 100 மடங்கு மட்டும் நீர்த்து 10 மில்லிகிராம் செய்தால் 3 மில்லிமோலார் அமிலம், பைகார்பனேட் தோற்றுப்போய் பி.எச். 3-க்கும் கீழே விழும். டாஃப்னியா சாகும். கொன்றது அமிலம், பழி உலோகத்துக்கு.

ஆகவே உப்பிலிருந்தே செய்துகொள்ள வேண்டும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உலோகம் வர: பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராம், மெர்குரிக் குளோரைடு 1.354, நீரற்ற காட்மியம் குளோரைடு 1.631, சோடியம் ஆர்சனைட் 1.734. எல்லாம் கடும் நஞ்சு, எடைபோடுவது புகைக்கூண்டுக்குள்.

டைகுரோமேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டாஃப்னியா நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டு நஞ்சு அதுதான். 24 மணி நேரத்தில் பாதியை அசைவற்றதாக்கும் செறிவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் டைகுரோமேட்டுக்குள் விழ வேண்டும். வெளியே போனால் அந்த வளர்ப்புக் கூட்டத்தை நம்ப வேண்டாம்.

பாசிமணி · மார்ச் 8, காலை 6:10

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பாக்டீரியாச் சோதனைக்கு இந்த அமிலப் பயம் அவ்வளவு இல்லை. அங்கே மைக்ரோகிராம் அளவில் வேலை, நீர்ப்பு லட்சம் மடங்கு, மாப்ஸும் தாங்கும். ஆர்சனைட் ஸ்டாண்டர்டுக்கு மட்டும் நைட்ரிக் அமிலக் கரைசல் ஆகாது, காலப்போக்கில் ஆர்சனேட்டாகிவிடும். சோடியம் ஆர்சனைட்டை அன்றன்று புதிதாக நீர்க்க வேண்டும்.

நத்தை ஓடு · மார்ச் 9, காலை 10:30

தலைப்பிலிருந்து சற்று விலகுகிறேன். செல்லும் டாஃப்னியாவும் இந்த நிமிடத்துத் தண்ணீரைப் பற்றித்தான் பேசும். நேற்று இரவு கழிவைத் திறந்துவிட்டு இன்று காலை மூடிவிட்டால் இரண்டும் ஒன்றும் சொல்லாது. நாட்கணக்கில், மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் உயிர் வேண்டும்.

கடலோரத்தில் மட்டி. 1975-இல் எட்வர்ட் கோல்ட்பர்க் இந்த யோசனையை முன்வைத்தார், அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 1986 முதல் அதைத் தேசியத் திட்டமாக நடத்துகிறது. மட்டி ஓரிடத்தில் ஒட்டி நின்று நாள் முழுக்க நீரை வடிகட்டும், காட்மியம், ஈயம், பாதரசம் திசுவில் சேரும். எடுத்ததும் 24 முதல் 48 மணி நேரம் சுத்தமான கடல்நீரில் விட்டுக் குடலைக் காலியாக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்று மண்ணிலிருக்கும் ஈயமும் குரோமியமும் சதைக் கணக்கில் ஏறும். ஒரே நீள வகுப்பு, இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே. முட்டை விட்ட பிறகு சதை எடை குறைவதால், உலோகம் கூடாமலே கிராமுக்கான எண் கூடிவிடும். துத்தநாகத்துக்கு மட்டியை நம்ப வேண்டாம், அது உடம்பிலேயே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். பாறையில் ஒட்டும் கொட்டலசு துத்தநாகத்தைக் கட்டுப்பாடின்றிச் சேர்க்கும்.

இதே மட்டி வகைகளை உடனடி எச்சரிக்கைக்கும் வைக்கிறார்கள். வார்சா குடிநீர் நிலையத்தில் எட்டு நன்னீர் மட்டிகள் வேலை பார்க்கின்றன. ஓட்டில் ஒட்டிய காந்தமும் எதிரே உள்ள உணரியும் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பதிவு செய்யும். ஒரு மட்டி மூடினால் அது அதன் விருப்பம், பல ஒன்றாக மூடினால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. ஆனால் குறைந்த அளவில் மெல்லச் சேரும் காட்மியத்துக்கு அவை வாயை மூடாது. திடீர் நஞ்சுக்கு மூடும் வாயையும் மெல்லச் சேரும் சதையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

பாசிமணி · மார்ச் 9, இரவு 7:45

காற்றுக்கு மாஸ். மரப்பட்டையிலும் பாறையிலும் மெத்தையாகப் படரும் சிறு பச்சைத் தாவரம். வேர் கிடையாது, மேல்தோலில் மெழுகுப் படலம் மிகக் குறைவு. மழையிலும் தூசியிலும் வருவதை உடம்பால் வாங்கி வைத்துக்கொள்ளும். 1960-களின் இறுதியில் ஸ்வீடனில் ரூலிங்கும் டைலரும் தொடங்கிய முறை, 1990 முதல் ஐரோப்பா முழுக்க ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. மர நிழல் விளிம்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, பெருஞ்சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளி, 50 க்கு 50 மீட்டர் பரப்பில் குறைந்தது ஐந்து இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். கடந்த மூன்றாண்டு வளர்ச்சியை மட்டும் பிரித்து, கழுவாமல், 40 டிகிரியில் உலர்த்த வேண்டும்.

நகரத்துக்குள் இந்தத் தூர விதிகள் பொருந்தாது, அங்கே கேள்வியே வேறு. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் வனத்துறை ஆய்வாளர்கள் நகர மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகளை எடுத்து வரைபடமாக்கினார்கள். வண்ணக் கண்ணாடிப் பட்டறைகள் அருகே காட்மியம் குவிந்திருந்தது. அதன் பிறகு அங்கே காற்றுமானியை வைத்தபோது காற்றிலும் காட்மியம் உறுதியானது. 2016-இல் ஆய்வு வெளியானது. மானியை எங்கே வைப்பது என்று மாஸ் காட்டியது, காற்றில் எவ்வளவு என்று மானி சொன்னது. தெளிநீர் கேட்ட 'உயிரா, கருவியா' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

நத்தை ஓடு · மார்ச் 10, காலை 7:00

யாரும் வைக்காமலே வேலை பார்த்த உணரியும் உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு துடித்துச் செத்தன. மனித நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது 1956 மே 1. அங்கிருந்த இரசாயன ஆலையின் கழிவைப் பூனைக்கு ஊட்டிய சோதனையில் 1959-இலேயே நோய் வந்தது. ஆலையின் மெத்தில் பாதரசமே காரணம் என்று ஜப்பான் அரசு ஏற்றது 1968-இல்.

தெளிநீர் · மார்ச் 11, மாலை 4:20

கணக்குக்காக ஓர் அட்டவணை வைத்துக்கொள்வோம். ஆர்சனிக் உணரி. பிளாங்க் 400. பிளாங்கில் ஸ்பைக் 4,000. கிணற்று நீர் 390. கிணற்று நீரில் அதே ஸ்பைக் 450. எப்போதும் ஒளிரும் செல் பிளாங்கில் 9,000, கிணற்று நீரில் 8,800. இதை எப்படிப் படிப்பது?

பாசிமணி · மார்ச் 11, இரவு 8:55

இரட்டைச் செல் மங்கவில்லை. ஆகவே செல் உயிரோடு இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, லக்ஸ் வேலை செய்கிறது. ஸ்பைக் 3,600 ஏற வேண்டிய இடத்தில் 60 ஏறியிருக்கிறது, அறுபதில் ஒரு பங்கு. நாம் போட்ட ஆர்சனிக்கையே இந்தத் தண்ணீர் ஏதோ ஒன்றால் மறைக்கிறது. 390 என்ற எண்ணை வைத்து 'ஆர்சனிக் இல்லை' என்று எழுத முடியாது, 'அளக்க இயலவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

முதல் சந்தேகம் இரும்பு. பாட்டிலின் அடியில் பழுப்புப் படிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.எச். 2 வரை அமிலமாக்கி, படிவு கரையும் வரை வைத்து, பைரோபாஸ்பேட்டால் 7-க்குக் கொண்டுவந்து மறுபடி இதே ஆறு குழாய். பிளாங்குக்கும் ஸ்டாண்டர்டுக்கும் அதே அமிலம், அதே பைரோபாஸ்பேட்.

இரண்டாம் சந்தேகம் பாஸ்பேட், அதுவும் ஸ்பைக் ஆர்சனேட்டாக இருந்தால். ஆர்சனைட்டில் ஸ்பைக் போட்டுப் பார்த்தால் பிரிந்துவிடும்.

இரண்டும் உதவவில்லை என்றால் 10 மடங்கு நீர்த்து, நீர்த்த பின் ஸ்பைக். ஸ்பைக் முழுதாகத் திரும்பி வந்தாலும் கண்டறியும் எல்லை இப்போது 10 மடங்கு உயர்ந்துவிட்டது. உணரியின் எல்லை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் இந்தக் கிணற்றுக்கு 50. பத்து என்ற அளவைப் பற்றி இந்த உணரியால் பேச முடியாது, அந்தப் பாட்டில் ஐசிபி-எம்எஸ்ஸுக்குத்தான் போக வேண்டும்.

நத்தை ஓடு · மார்ச் 11, இரவு 10:30

முடித்த தட்டுகளைப் பற்றி. ஆர்சனிக், பாதரசம் கலந்த தட்டை ஆட்டோகிளேவில் போடாதீர்கள், 121 டிகிரியில் பாதரசம் ஆவியாகி அறைக்கு வரும். ப்ளீச் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டுச் செல்லைக் கொன்று, உலோகக் கழிவுக் கலனில் தனியாகச் சேருங்கள். உலோகம் படாத வளர்ப்புக் குடுவைகள் மட்டும் ஆட்டோகிளேவுக்கு.